சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தானுக்குச் சந்தா கட்டலாமா?

12 அக்டோபர் 2025, மாலை (வாசகர் கேள்வி)

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் இணையதளத்தைக் கவனித்துவருகிறேன். பச்சைத் தேயிலை விலை, கூட்ட அறிவிப்பு, மானிய விண்ணப்பம், மழை எச்சரிக்கை ஆகியவற்றை அதில் போடுகிறோம். உறுப்பினர்களில் ஒருவர் பார்வையை இழந்துவிட்டார். பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படத்துடன் ஒரு பொத்தானை நிறுவினால் தளம் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உகந்ததாகிவிடும் என்று ஒருவர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். கட்டலாமா?

12 அக்டோபர், இரவு

கட்ட வேண்டாம்.

அந்தப் பொத்தான் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், சில தளங்களில் பக்கத்தை வாசித்தும் காட்டும். இந்த மூன்றும் அவரவர் கைப்பேசியின் அமைப்புகளிலேயே இருக்கின்றன. பார்வையற்ற ஒருவர் உங்கள் தளம்வரை வந்துவிட்டார் என்றால், அவருடைய கைப்பேசியில் திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அதன்மேல் இன்னொரு குரல் ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று மறித்துப் பேசும். அவருக்கு உண்மையில் தடையாக இருப்பது எதுவோ அதை அந்தப் பொத்தானால் தொட முடியாது. படமாக ஏற்றிய விலைப் பட்டியலில் எந்தத் தொழிற்சாலைக்கு என்ன விலை என்று அதற்குத் தெரியாது. பெயரிடாத ஒரு கட்டத்தில் ஆதார் எண்ணை நிரப்ப வேண்டுமா, வங்கிக் கணக்கு எண்ணை நிரப்ப வேண்டுமா என்பதும் அதற்குத் தெரியாது.

இத்தகைய பொத்தான் எந்தத் தளத்தையும் இணைய அணுகல் தரநிலைக்குள் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் பத்து லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற உத்தரவை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. உங்களிடம் சந்தா கேட்பவருக்கு இந்தச் செய்தியை அனுப்பிவிட்டு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

13 அக்டோபர்

“எங்கள் தளத்துக்கு எத்தனை பார்வையற்றோர் வரப்போகிறார்கள்?” என்று குன்னூர் நண்பர் கேட்டிருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் 16 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க இயலாமை உண்டு என்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளியில்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கண்புரை, நடுங்கும் விரல், மந்தமான காது என எல்லாம் இருந்தும் 40 சதவீத இயலாமைச் சான்றிதழுக்கு அவர்கள் போய் நின்றதில்லை. தம்மை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதுமில்லை. பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிட்டபின் மலையில் தங்கியிருப்பவர்கள் இவர்கள்தாம். உங்கள் தளத்தின் முதன்மை வாசகர்களைத்தான் விதிவிலக்கு என்று கணக்கெழுதுகிறீர்கள்.

14 அக்டோபர்

கேள்வி கேட்டவரின் தளத்தை நேற்று ஓர் அண்ணனுடன் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பக்கத்து ஊர்க்காரர், தேயிலை வைத்திருக்கிறார், சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுபட்டுப் பார்வை போய்விட்டது. கைப்பேசியைக் காதோடு ஒட்டி, திரையில் ஒரே விரலால் வழித்துக்கொண்டே போகிறார். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கின் தமிழ்க் குரலை அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை; எனக்காகப் பாதியாகக் குறைத்தார்.

விலைப் பட்டியலுக்கு வந்ததும் அந்தக் குரல் சொன்னது: “வாட்ஸ்அப் இமேஜ், இரண்டாயிரத்து இருபத்தைந்து”, பிறகு ஒரு தேதி, மணி, நிமிடம், நொடி, “படம்”. அவ்வளவுதான். பட்டியலை யாரோ வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கி அப்படியே ஏற்ற, கோப்பின் பெயர், படத்தைச் சொல்லால் விளக்கும் மாற்று உரைக்கான இடத்தில் தானாக அமர்ந்துவிட்டது. நொடி வரைக்கும் தெரிந்துகொண்ட அண்ணனுக்கு விலை மட்டும் தெரியவில்லை.

அடுத்து, சென்ற மாத விலைகள் இருக்கும் பக்கத்துக்குப் போனோம். அங்கே எழுத்து எழுத்தாகவே இருந்தது, ஆனால் தொழிற்சாலைப் பெயர்கள் இடப்பக்கம் ஒரு தொகுதியாகவும் விலைகள் வலப்பக்கம் இன்னொரு தொகுதியாகவும் அமைக்கப்பட்டிருந்தன. கண் உள்ளவருக்கு அது அட்டவணை. காதுக்கோ எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்து முடிந்த பிறகு எல்லா விலைகளும் வரிசையாக வருகின்றன. அண்ணன் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டார். விலைகள் வரத் தொடங்கியதும் அதே விரல்களை வரிசையாக விரித்தார். ஐந்து தொழிற்சாலைகள்வரை இந்த வித்தை செல்லுபடியாகும். ஆறாவதாக இருந்ததுதான் அவர் இலை போடும் தொழிற்சாலை.

இதைச் சரிசெய்ய எந்தச் சந்தாவும் தேவையில்லை. உண்மையான அட்டவணையாக அமைத்து, மேல்வரிசையையும் இடப்பக்க நிரலையும் தலைப்புக் கட்டங்களாகக் குறித்துவிட்டால், திரைவாசிப்பானால் பெயரையும் விலையையும் சேர்த்துச் சொல்ல முடியும். அட்டவணை போடத் தெரியவில்லை என்றால் வரிக்கு ஒரு தொழிற்சாலையாக, பெயரும் “கிலோ இத்தனை ரூபாய்” என்பதும் ஒரே வரியில் வருமாறு எழுதுங்கள். அழகு குறையும், ஆனால் எல்லோருக்கும் விலை தெரியும்.

14 அக்டோபர், பின்னிரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அண்ணன் பக்கத்தை மேலிருந்து கீழாக முழுவதும் கேட்பவர் அல்லர். டாக்பேக்கில் ‘தலைப்புகள்’ என்பதைத் தேர்ந்துகொண்டு, விரலை மேலிருந்து கீழே வழித்துத் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். கண்ணுள்ளவர்கள் செய்தித்தாளைப் புரட்டுவதும் இப்படித்தான். உங்கள் தளத்தில் தலைப்பாகத் தோன்றுபவை எல்லாம் வெறும் தடித்த எழுத்துகள். அவற்றைத் தலைப்பு என்று பக்கத்தின் குறிமொழி (எச்டிஎம்எல்) சொல்லவில்லை. ஆகவே தாவ இடமின்றிக் குழுவின் வரலாறு, நிர்வாகிகள் பட்டியல், வாழ்த்துச் செய்தி எல்லாவற்றையும் கடந்துதான் அவர் விலைக்கு வந்துசேர்ந்தார். வாழ்த்துச் செய்தியில் கூப்பிய கைப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. குரல் ஒவ்வொன்றையும் தனித்தனியே கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தது.

18 அக்டோபர்

சுற்றறிக்கைகளைப் பிடிஎஃப்பாக ஏற்றியிருப்பதால் அவை எழுத்துதானே என்று கேள்வியாளர் கேட்கிறார். திறந்து பார்த்தேன். சில வெறும் ஸ்கேன், அதாவது படமே. மற்றவை பாமினி எழுத்துருவில் அடித்தவை.

இளையவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து ஒட்டியவை. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று எதுவும் இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். கண்ணுக்கு அம்மாவாகத் தெரிவதைத் திரைவாசிப்பான் அந்த ஐந்து குறிகளாகவே படிக்கும். தேடுபொறிக்கும் அது கிட்டாது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அந்தச் சொற்களை நகலெடுத்து ஒட்டினால் கண்ணுள்ளவருக்கும் ஒன்றும் விளங்காது. தமிழுக்கு ஒருங்குறியில் 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது, தமிழக அரசே 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. இருந்தும் மலையிலுள்ள டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஏனென்றால் தட்டச்சு செய்பவரின் விரலுக்கு அந்த விசைகள்தான் பழக்கம். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

19 அக்டோபர்

எழுத்தைப் பற்றி இன்னும் சிறிது. ஒருங்குறியில் அடித்தாலும் கண்ணை ஏய்க்கும் பழக்கங்கள் சில நம்மிடம் உண்டு. ஔவை என்று எழுத ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடிக்கிறார்கள், பார்க்க ஒன்றுபோல் இருக்கும், குரலோ “ஒளவை” என்று புதிதாக ஒருவரை அழைக்கும். கால் குறிக்குப் பதிலாக ‘ர’ போடுவதும் அப்படியே. தலைப்பை அலங்கரிக்க எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டால் கோத்தகிரி நான்கைந்து துண்டாக வந்துவிழும். ‘உ’வுக்குப் பதிலாகத் தமிழ் எண் ௨ கைக்கு அகப்பட்டுவிட்டால், அழைப்பிதழின் உச்சியில் பிள்ளையார் சுழி இருக்க வேண்டிய இடத்தில் குரல் “இரண்டு” என்று தொடங்கும். முதலாவது எங்கே போயிற்று என்று வீட்டில் தேடப்போகிறார்கள்.

24 அக்டோபர்

கனமழை. மின்சாரம் வந்து வந்து போகிறது, சிக்னலும் அப்படியே.

மழைக்காலத்தில் குழுக்களில் அதிகம் சுற்றுவது மூன்று படங்கள்: பள்ளி விடுமுறை அறிவிப்பு, சாலை மூடப்பட்ட செய்தி, நிறம் தீட்டிய மாவட்ட வரைபடம். மூன்றும் அண்ணனுக்கு “படம்”தான். வரைபடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலை எச்சரிக்கையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு நிலைகளையும் நிறத்தால் மட்டும் காட்டினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு ஆபத்தான நாளும் சாதாரண நாளும் ஒன்றுபோலத் தெரியும். இந்தக் குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் அதிகம், பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. தரநிலை இதற்குச் சொல்வது எளிது: நிறம் இருக்கட்டும், நிறம் மட்டுமே இருக்க வேண்டாம். “நீலகிரி மாவட்டத்துக்கு இன்று ஆரஞ்சு எச்சரிக்கை, மிகக் கனமழைக்கு வாய்ப்பு” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை மறக்காத ஊரில் இதற்குமேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த ஒரு வரிக்கு இன்னொரு சிறப்பு: சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிய நேரத்திலும் எழுத்து வந்துசேரும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2 நவம்பர்

“இதையெல்லாம் செய்யாவிட்டால் யார் கேட்பார்கள்?” என்று கூடலூர் வாசகர் கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. அதன் 42-ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை எல்லோரும் அணுகும்படி செய்வது பற்றியது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவிடக் கூடாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. தொழில்நுட்ப அளவுகோல்களை வகுப்பது இணையத் தரநிலைகளுக்கான பன்னாட்டு அமைப்பான டபிள்யூ3சி. அதன் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு 1999-இலும் இப்போதைய 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வெளிவந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகள் உண்டு. பொதுவாகக் கேட்கப்படுவது ஏஏ.

சட்டத்துக்குப் பயந்து செய்பவர்கள் சோதனைக் கருவியின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது என் மனத்தாங்கல். மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். “வாட்ஸ்அப் இமேஜ்” என்று இருந்தாலும் பெரும்பாலும் தேர்ச்சி கொடுத்துவிடும்.

3 நவம்பர்

எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கின்றன என்று முதல் நாள் எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு வேண்டும் என்று தோன்றுகிறது. இருக்கின்றன, ஆனால் அவை இருப்பது பெரியவர்களுக்குத் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பை என் அத்தைக்குக் காட்டியபோது, அத்தனை நாளும் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். ஆகவே பொத்தான் விற்பவர் பேசுவதில் ஒரு துளி உண்மை உண்டு: வசதி கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாதக் கூட்டத்தின் முடிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மாற்றிக்கொடுப்பதே போதும் என்பேன். மாற்றியபின் அது எல்லாத் தளத்துக்கும் பொருந்தும், அந்தப் பொத்தானோ உங்கள் தளத்துக்கு மட்டும்.

ஆனால் தளம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைச் சில ஆயத்தத் தள வார்ப்புருக்கள் தடுத்துவைக்கின்றன. அந்தத் தடையை நீக்குங்கள். எழுத்தை இரு மடங்காக்கினாலும் எதுவும் வெட்டுப்படவோ ஒன்றன்மேல் ஒன்று ஏறவோ கூடாது என்பது ஏஏ விதி. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ அடங்குவதில்லை, இரு மடங்கானால் ‘விண்ணப்’போடு நின்றுவிடுகிறது. உயரத்தை நிலையாகக் கட்டாமல் விட்டால் பொத்தான் தானாக வளரும்.

9 நவம்பர்

விருந்தினர் இல்லம் நடத்தும் கொடைக்கானல் நண்பர் தம் தளத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். பனிமூட்டம் சூழ்ந்த பள்ளத்தாக்கின் படம், அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்து. பனிக்குள் எழுத்தைத் தேடிக்கொண்டே போனேன். அறை வாடகை பனிக்குள் இருப்பது சிலருக்கு வசதியாக இருக்கலாம்.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்தாக இருந்தால் 3-க்கு 1 போதும். அந்த 4.5 மேசையில் உட்கார்ந்து யாரோ நினைத்த எண் அன்று. ஏறக்குறைய எண்பது வயதில் பொதுவாக எஞ்சியிருக்கும் பார்வைத் தெளிவைக் கணக்கிட்டு வைத்தது. தமிழுக்கு நான் 7-க்கு 1 என்ற உயர் படியையே கேட்பேன். வெளிர்ச்சாம்பலில் சிறிதாக எழுதினால் முதலில் மறைவது புள்ளி, அடுத்து ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையிலுள்ள சுழி. வெயில் நாளில் தேயிலைச் சரிவில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கு வயதே தேவையில்லை, இருபத்தைந்திலும் எழுத்து தெரியாது. 2025-இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்த வெப்எய்ம் அமைப்பு, அவற்றில் 94.8 சதவீதத்தில் பிழை கண்டது. எல்லாவற்றிலும் அதிகம் கண்ட பிழை இந்த மங்கல் எழுத்துதான்.

16 நவம்பர்

கைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த விரல்களில் தோல் தடித்து வெடித்திருக்கும், ரேகை தேய்ந்திருக்கும். உறைபனிக் காலக் காலையில் அந்த விரல் குறி வைத்த இடத்தில் விழாது. நெருக்கமாக அடுக்கிய ‘ஆம்’, ‘இல்லை’ பொத்தான்களில் எது அழுந்தும் என்பது அதிர்ஷ்டம். மேலே சொன்ன வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. 44-க்கு 44 என்பது உயர்படி. உங்கள் மானிய விண்ணப்பத்துக்கு உயர்படியையே வையுங்கள்.

அதே விண்ணப்பத்தில், கட்டத்துக்குள் மங்கலாக ‘பெயர்’ என்று எழுதியிருப்பது அடிக்கத் தொடங்கியதும் மறைந்துவிடுகிறது. பாதியில் தொலைபேசி வந்து, பேசி முடித்துத் திரும்பியவருக்கு அது தம் பெயரைக் கேட்டதா, தகப்பனார் பெயரைக் கேட்டதா என்று தெரியாது. கட்டத்துக்கு வெளியே, மேலே, நிலையாக எழுதி, இந்தப் பெயர் இந்தக் கட்டத்துக்கு உரியது என்று குறிமொழியிலும் இணைத்துவிடுங்கள். நெளிந்த எழுத்துகளைக் கண்டுபிடித்து எழுதச் சொல்லும் கேப்சாவை எடுத்துவிடுங்கள். ஒரு சிறு குழுவின் விண்ணப்பத்தைத் திருட இயந்திரங்கள் மலையேறி வரப்போவதில்லை. ஓடிபியை ஒட்டவிடாமல் தடுப்பதும் வேண்டாம்.

மேலே சொன்ன 2025 ஏப்ரல் தீர்ப்பு பிறந்ததும் இத்தகைய இடத்தில்தான். அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களிடம், அடையாளத்தை உறுதிப்படுத்தக் கண் சிமிட்டுங்கள் என்று திரை கேட்டது. ரேகை தேய்ந்த விரலை மறுபடி மறுபடி வைக்கச் சொல்லும் இயந்திரத்தின் முன் நின்ற எவருக்கும் அந்த வழக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

23 நவம்பர்

கவாத்து முறை பற்றிய உங்கள் காணொளியில் அலுவலர் பேசிக்கொண்டே போகிறார். எந்த உயரத்தில் வெட்ட வேண்டும் என்பதை வாயால் மட்டுமே சொல்கிறார். காது கேளாதவருக்குக் கத்தி தெரிகிறது, அளவு தெரியவில்லை. கீழே ஓடும் தானியங்கி வசனம் ‘கவாத்து’ என்ற சொல்லைப் பலவிதமாகக் கேட்டு எழுதியிருக்கிறது, ஒருமுறைகூடக் கவாத்தாக இல்லை. அது எழுதியதைக் கையால் திருத்துங்கள். திருத்திய எழுத்தைக் காணொளியின் கீழேயும் ஒட்டிவிட்டால், ஓடவிட டேட்டா இல்லாதவரும் படித்துக்கொள்வார்.

பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழி. “மேற்படி பொருள் தொடர்பாக” என்று தொடங்கும் நீண்ட வாக்கியங்களை அவர்களுக்காக உடைத்தால், மற்றவர்களும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

30 நவம்பர்

மொழிக் குறியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வார்ப்புரு ஆங்கிலத்திலிருந்து வந்ததால் உங்கள் பக்கம் தன்னை ஆங்கிலப் பக்கம் என்றே அறிவித்துக்கொள்கிறது. மொழிக்கேற்பக் குரலை மாற்றும் திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை அழைத்துவரும், அது தமிழ் எழுத்தின் முன் தடுமாறும் அல்லது தாண்டிப்போகும். ஒரே இடத்தில் தமிழ் என்று மாற்றினால் தளம் முழுவதும் சரியாகிவிடும்; இந்த இழையில் சொன்னவற்றில் மிகக் குறைந்த உழைப்பு இதற்குத்தான். தமிழ் எழுத்தில் நீங்கள் போடும் படுக மொழி வரிகளைத் தமிழ்க் குரல்தான் இப்போது படிக்கும். கேட்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும் பொருள் விளங்குகிறது என்கிறார் அண்ணன். படுகுக்கென்று தனி மொழிக் குறி இருக்கிறது. அந்த வரிகளில் மட்டும் அதை இட்டுவையுங்கள், குரல் வரும் நாளில் பயன்படும்.

7 டிசம்பர்

பழைய பிடிஎஃப்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். முடிந்துபோன கூட்டத்தின் அறிவிப்பை எழுத்தாக்கி யாருக்கும் பயனில்லை. நடப்பில் உள்ள மானிய விதிகள், உறுப்பினர் விண்ணப்பம், இந்த ஆண்டுச் சுற்றறிக்கைகள் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றின் மேலே “எழுத்து வடிவம் வேண்டுவோர் அழைக்கவும்” என்று ஒரு வரியும் எண்ணும் போடுங்கள். அழைப்பு வந்தால் அன்று மாற்றிக்கொள்ளலாம்.

விலைப் பட்டியலை இந்த மாதம் முதல் அட்டவணையாகப் போட்டிருப்பதைப் பார்த்தேன். தலைப்புக் கட்டங்கள் சரியாக இருக்கின்றன. விலை நிரலில் ‘ரூ.’ என்பதை எடுத்துவிட்டுத் தலைப்பிலேயே “கிலோ விலை, ரூபாயில்” என்று எழுதுங்கள். தேதியில் 7/12 என்று இருப்பதை டிசம்பர் 7 என்று மாற்றுங்கள். குரல் அதை “ஏழு சாய்வுக்கோடு பன்னிரண்டு” என்கிறது.